பாட்டு யாருடையது, குழு யாருடையது?

கேள்வி: கோவையில் கல்லூரி நாட்களில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு தமிழ் ராக் இசைக்குழுவைத் தொடங்கினோம். நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். வரிகளையும் மெட்டையும் பெரும்பாலும் எங்கள் பாடகர்தான் கொண்டுவருவார். ஜாமிங்கில் நால்வரும் சேர்ந்து அதைப் பாட்டாக்குவோம். எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நிகழ்ச்சிப் பணத்தில் வேன் வாடகையும் ஜாமிங் ரூம் வாடகையும் போக, ஸ்டுடியோ செலவுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மீதியை நான்காகப் பிரித்துக்கொள்வோம். டிரம்மர் வேலைக்காகப் பெங்களூர் போனதிலிருந்து ஒத்திகைக்குச் சரியாக வருவதில்லை. சென்ற மாதம் பாடகர் அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இந்த நேரத்தில் ஓர் இணையத் தொடருக்கு எங்கள் பாடல் ஒன்றைக் கேட்கிறார்கள். டிரம்மர் உறுமி அடியை டிரம் செட்டின் டாம்களில் வாசிக்க, அந்தத் தாளத்தில்தான் அந்தப் பாடல் தொடங்கும். உரிமை ஒருவர் பெயரில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லி, என்னிடமும் கிட்டாரிஸ்டிடமும் பாடகர் ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். பாடல்கள், பதிவுகள், குழுவின் பெயர் அனைத்தும் அவருக்கே சொந்தம் என்றும், டிரம்மர் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வாசித்தவர் என்றும் அதில் இருக்கிறது. டிரம்மரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பாடகர் எனக்கு நண்பர். கையெழுத்துப் போடாவிட்டால் அது துரோகம் என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடிதம் இப்போதிருக்கும் வடிவில் நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். நட்பு, நியாயம் என்ற பெரிய விஷயங்களுக்குப் போகும் முன்பே இதைச் சொல்லக் காரணம், டிரம்மர் கூலிக்கு வாசித்தவர் என்னும் அந்த ஒரு வாக்கியம். செலவு போக மீதியை நான்காகப் பிரித்துக்கொண்டோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூலிக்கு வாசிப்பவருக்கு வேன் வாடகையில் பங்கு கிடையாது. கூட்டம் வராத நிகழ்ச்சியில் வெறுங்கையோடு திரும்ப வேண்டிய கட்டாயமும் கிடையாது. உங்கள் டிரம்மர் லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கெடுத்திருக்கிறார். ஆகவே, உங்கள் நண்பர் உங்களிடம் கேட்பது ஆதரவு அல்ல, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் சாட்சியம். பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால், குறுக்கு விசாரணையில் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்ட நீங்கள்தான்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் உங்களுக்குள் சட்ட உறவே இல்லை என்று நால்வரும் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. இசைக்குழுக்களில் பரவலாக இருக்கும் எண்ணம் இது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு தொழிலை எல்லோரும் சேர்ந்தோ, எல்லோர் சார்பில் ஒருவரோ நடத்தி, அதன் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டிருந்தால் அது கூட்டாண்மை. அந்த உடன்பாடு வாய்மொழியாக இருக்கலாம், நடத்தையிலிருந்தும் ஊகிக்கப்படலாம். பங்கு எவ்வளவு என்று பேசிவைக்காத நிலையில், 13ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் சமபங்கு. நீங்களோ சமமாகவே பிரித்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கேள்வியில் டிரம்மரின் நிலை வலுவானது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1982இல் உருவான ‘தி ஸ்மித்ஸ்’ குழுவின் வழக்கை நீங்களும் உங்கள் நண்பரும் அறிந்திருப்பது நல்லது. பாடகர் மோரிஸியும் கிட்டாரிஸ்ட் ஜானி மாரும் பாடல்களை எழுதினார்கள். மைக் ஜாய்ஸ் டிரம்ஸும் ஆண்டி ரூர்க் பாஸும் வாசித்தார்கள். பதிவுகளிலும் நிகழ்ச்சிகளிலும் வந்த வருமானத்தில் முதல் இருவருக்கும் தலா 40 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 10 சதவீதம் என்று கணக்கு நடந்தது. குழு 1987இல் கலைந்தது. அந்தப் பத்து சதவீதத்துக்குத் தான் ஒருபோதும் உடன்படவில்லை என்று ஜாய்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். வேறுவிதமான உடன்பாடு நிரூபிக்கப்படாததால் 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி அவருக்குக் கால் பங்கு உண்டு என்று 1996இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நம்முடைய 1932 சட்டம் பெரும்பாலும் அந்த ஆங்கிலச் சட்டத்தின் வழியில் எழுதப்பட்டது. ரூர்க்கின் கதை உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். பணநெருக்கடியில் இருந்த அவர் முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பத்து சதவீதத்துக்கே சமரசமாகிக் கையெழுத்திட்டுவிட்டார். அதே குழுவில் அதே ஆண்டுகள் வாசித்தவர், டிரம்மருக்குக் கிடைத்த கால் பங்கு தனக்குக் கிடைக்காமல் நின்றார். நீங்களும் பாஸ் வாசிப்பவர். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் உங்கள் பங்கு என்ன ஆகும் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் ஸ்மித்ஸ் தீர்ப்பு பாடலாசிரியர் உரிமையைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த இடத்தில் உங்கள் பாடகர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை டிரம்மரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகள் ஒரு படைப்பு, இசை வேறொரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. வரிகளை எழுதியவர் பாடகர் என்றால் வரிகளின் உரிமை அவருடையது. மெட்டு அவருடையது என்றால் இசைப்படைப்பின் முதல் உரிமையும் அவருடையதே. ஜாமிங்கில் உடனிருந்தோம், நன்றாக வாசித்தோம் என்பதற்காக மட்டும் மற்றவர்கள் இசையமைப்பாளர்கள் ஆகிவிட முடியாது. லண்டனின் ‘ஸ்பாண்டாவ் பாலே’ குழுவில் பாடகர் உட்பட மூவர், பாடல்களை எழுதிய கேரி கெம்ப் மீது இதற்காகவே வழக்குத் தொடர்ந்து 1999இல் தோற்றார்கள். பாடல் வருமானத்திலிருந்து கெம்ப் முன்பு தாமாக ஒரு பகுதியைக் குழுவுக்குக் கொடுத்துவந்தார், பிறகு நிறுத்திவிட்டார். கொடுத்துவந்தது சட்டக் கடமையால் அல்ல என்றும், மற்றவர்களின் வாசிப்பு பாட்டை நிகழ்த்துவதே தவிர உருவாக்குவதாகாது என்றும் நீதிபதி முடிவுசெய்தார்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது ‘ப்ரோகோல் ஹாரம்’ என்ற பிரிட்டிஷ் குழுவின் வழக்கு. 1967இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற அவர்களுடைய பாடலின் தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசையைக் குழுவின் ஆர்கன் கலைஞர் மாத்யூ ஃபிஷர் உருவாக்கினார், ஆனால் அவர் பெயர் பாடலாசிரியர் பட்டியலில் சேரவில்லை. 38 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்த ஆர்கன் பகுதி தனித்து அடையாளம் காணக்கூடிய ஒரு மெல்லிசை, ஆகவே இசைப்படைப்பில் அவருக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்ற முடிவை, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2009இல் உறுதிசெய்தது. இவ்வளவு காலம் வாய்மூடி இருந்தது அவருடைய உரிமையை அழித்துவிடவில்லை. ஆனால் கடந்துபோன ஆண்டுகளின் பணம் கிடைக்கவில்லை, வழக்குத் தொடர்ந்த நாளிலிருந்துதான் பங்கு.

உங்கள் பாடலின் உறுமி அடி இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் விழுகிறது. உறுமியில் வழிவழியாக வாசிக்கப்படும் அடி எவருக்கும் தனிச்சொத்து அல்ல. அதை டிரம்ஸுக்கு மாற்றும்போது அவர் புதிதாக ஏதாவது சேர்த்தாரா, அந்தத் தாளத்தை வைத்துக்கொண்டுதான் பாடகர் மெட்டையே கட்டினாரா, அல்லது மெட்டு முடிந்த பிறகு தாளம் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதைப் பொறுத்தே பதில் மாறும். நம் சட்டத்தில் கூட்டுப் படைப்பு என்றால் ஒருவர் பங்களிப்பை மற்றவர் பங்களிப்பிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இணைந்திருக்க வேண்டும். அதனால் டிரம்மர் இசையமைப்பில் சரிபாதி கேட்டால் அது நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதிக்கொடுப்பதும் நேர்மையல்ல. அந்தப் பாடலின் முதல் டெமோ யாருடைய போனிலாவது இருக்கும். அதைத் தேடி எடுத்து நால்வரும் ஒருமுறை கேளுங்கள். அதில் தாளம் இருக்கிறதா இல்லையா என்பது பாதி வாக்குவாதத்தைத் தீர்த்துவிடும்.

பதிவின் கதை வேறு. ஒலிப்பதிவைத் தன் முன்முயற்சியிலும் பொறுப்பிலும் செய்தவரே அதன் தயாரிப்பாளர் என்பது சட்டம். நிகழ்ச்சிப் பணத்தில் ஒதுக்கியதிலிருந்து ஸ்டுடியோ வாடகையும் மிக்ஸிங் செலவும் கொடுத்திருந்தால், குழுவின் பணத்தில் வாங்கியது குழுவின் சொத்தாகவே கருதப்படும் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. யார் பெயரில் ரசீது இருக்கிறது, ஸ்ட்ரீமிங் பணம் யார் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்பவை இதை மாற்றிவிடா. இதற்கு மேல், வாசித்த ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த வாசிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது உரிமைத்தொகை கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. அந்த இணையத் தொடரில் உங்கள் பதிவையே பயன்படுத்தப்போகிறார்கள் என்றால், அதில் டிரம்ஸ் வாசித்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இருப்பதுதான் தயாரிப்பு நிறுவனத்துக்கே பாதுகாப்பு. அவரை மறைத்துச் செய்யும் ஒப்பந்தம், தொடர் வெளியாகும் வாரத்தில் அவர் அனுப்பும் ஒரு வக்கீல் நோட்டீஸில் சிக்கிக்கொள்ளும். நிறுவனம் பாடகரிடம் நஷ்டஈடு கேட்கும். உரிமை முழுவதும் தனக்கே என்று அவர் எழுதிக்கொடுத்த உறுதிமொழிக்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

குழுவின் பெயரைப் பற்றி. அது பல ஆண்டுகளாக நால்வரும் மேடையில் நின்று சம்பாதித்த நற்பெயர். கூட்டாண்மைச் சட்டம் நற்பெயரையும் குழுவின் சொத்தில் சேர்க்கிறது. அமெரிக்காவின் ‘தி டோர்ஸ்’ குழுவில் நால்வருக்கும் சமபங்கும், முக்கியமான முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் மறுக்கும் உரிமையும் இருந்தன. பாடகர் ஜிம் மோரிசன் 1971இல் இறந்தார். பல ஆண்டுகள் கழித்துக் கீபோர்டு கலைஞர் ரே மான்சரெக்கும் கிட்டாரிஸ்ட் ராபி க்ரீகரும் அதே பெயரை ஒட்டிய பெயரில் சுற்றுப்பயணம் தொடங்கினார்கள். டிரம்மர் ஜான் டென்ஸ்மோர், மோரிசன் இல்லாமல் அந்தப் பெயர் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். மோரிசனின் குடும்பமும் அவரோடு நின்றது. 2005இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கார் விளம்பரத்துக்கு அவர்களுடைய பாடலைக் கேட்டு 1 கோடியே 50 லட்சம் டாலர் வரை பேசப்பட்டபோதும் மறுத்தவர் அவர்தான். அந்த மறுப்பில் அவருடைய பங்கும் போனது. அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பழைய உடன்பாட்டை, அதைக் கேட்டு வாங்க முடியாத இறந்துபோன ஒருவருக்காகவும் அவர் காப்பாற்றினார். மான்சரெக்கின் மரணத்துக்குப் பிறகு டென்ஸ்மோரும் க்ரீகரும் மறுபடி ஒரே மேடையில் வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்குப் போட்டால் நட்பு அத்தோடு போய்விடும் என்ற பயம் உங்கள் கேள்வி முழுவதும் தெரிகிறது.

டிரம்மரை நீக்கியது சரியா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அதுவும் உள்ளே இருக்கிறது. ஒத்திகைக்கு வராதவரைச் சுமந்துகொண்டு ஒரு குழு எத்தனை காலம் ஓட முடியும்? பாடகரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆயினும், முன்கூட்டியே ஒப்பந்தத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலொழிய, பெரும்பான்மை சேர்ந்து ஒரு கூட்டாளியை வெளியேற்ற முடியாது என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் குழுவிலோ பெரும்பான்மை முடிவுகூட எடுக்கப்படவில்லை. ஒருவர் போனில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். டிரம்மருடன் இனி வாசிக்க முடியாது என்றால் அதற்கு வழி இருக்கிறது. காலவரையறை இல்லாத கூட்டாண்மையை யாரும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் கலைக்கலாம். கலைத்து, கணக்குப் பார்த்து, அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு, புதிய டிரம்மரோடு தொடரலாம். கணக்குப் பார்க்காமல் அவருடைய பங்கையும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தால், பின்னால் வரும் லாபத்திலும் அவர் பங்கு கேட்க முடியும்.

நீக்கும் விதமும் நியாயத்தில் சேர்த்திதான். 1962 ஆகஸ்டில் ‘பீட்டில்ஸ்’ குழு தன் டிரம்மர் பீட் பெஸ்ட்டை விலக்கியபோது அந்தச் செய்தியை அவரிடம் சொன்னவர் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன்; இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்த மூவரில் ஒருவரும் நேரில் போய்ச் சொல்லவில்லை. ரிங்கோ ஸ்டார் வந்தது இசைக்கு நல்லதாகவே முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை பேசுகிறார்கள். பெஸ்ட் வாசித்த பழைய பதிவுகள் 1995இல் ஒரு தொகுப்பில் வெளியானபோது அவருக்கும் உரிமைத்தொகை போனது. குழுவை விட்டு வெளியேறியதால் பதிவில் இருக்கும் வாசிப்பு இல்லாமல் போய்விடவில்லை.

இனி துரோகம் என்ற குற்றச்சாட்டு. கூட்டாண்மைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நியாயமாகவும் விசுவாசமாகவும் நடக்க வேண்டும், உண்மையான கணக்கையும் குழுவைப் பாதிக்கும் எல்லா விவரங்களையும் எந்தக் கூட்டாளிக்கும் தர வேண்டும் என்கிறது. நியாயத்தையும் விசுவாசத்தையும் அந்தச் சட்டம் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் நண்பர் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கச் சொல்கிறார். நீங்கள் அவருக்கு நண்பர் என்ற முறையில் கடன்பட்டிருப்பது வேறு, குழுவின் கூட்டாளி என்ற முறையில் மூவருக்கும் கடன்பட்டிருப்பது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை அடைக்க முடியாது. டிரம்மரிடம் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாமல் உங்களிடம் வாங்கப்பட்ட வாக்கு அது.

ஆனாலும் நீங்கள் நேராக டிரம்மருக்குப் போன் போட வேண்டாம். முதலில் பாடகரைத் தனியாகச் சந்தியுங்கள். கிட்டாரிஸ்ட்கூட உடனிருக்க வேண்டாம். மூன்றாவது ஆள் இருந்தால் அவர் உங்களிடம் பேச மாட்டார், வாதாடுவார். ‘வரிகளும் மெட்டும் உன்னுடையவை என்று எழுதிக்கொடுக்க நான் தயார், அவன் கூலிக்கு வாசித்தான் என்று எழுத மாட்டேன், இந்த வாரத்துக்குள் நீயே அவனிடம் சொல், இல்லையென்றால் நான் சொல்வேன்’ என்பதை உங்கள் பேச்சு வழக்கில் சொல்லுங்கள். கெடு வைப்பது மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். சொல்லாமல் போய்ச் சொல்வதைவிட அது பல மடங்கு மரியாதையானது. தவற்றைத் தானே திருத்திக்கொள்ள அது அவருக்கு ஒரு வாய்ப்பும் தருகிறது.

தயாரிப்பு நிறுவனம் கேட்பது ஒருவரோடு மட்டும் பேசிக் கையெழுத்திடும் வசதியை. அதற்கு எல்லாம் ஒருவருக்கே சொந்தமாக வேண்டியதில்லை. இந்த ஒரு பாடலை, இந்த ஒரு தொடருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் கொடுக்கப் பாடகருக்கு நால்வரும் எழுத்தில் அதிகாரம் அளித்தால் போதும். அந்தக் கடிதத்தில் வரிகள் யாருடையவை, இசை யாருடையது, உறுமித் தாளத்தை அமைத்தவர் யார், பதிவு குழுவுக்குச் சொந்தம், வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பவை தெளிவாக இருக்கட்டும். உரிமத் தொகையை இரண்டாகப் பிரித்து, பாடலுக்கானதைப் பெரும்பகுதி பாடகருக்கும், பதிவுக்கானதை நால்வருக்கும் சமமாகவும் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. உறுமித் தொடக்கத்துக்காகப் பாடல் பகுதியிலிருந்தும் டிரம்மருக்கு ஒரு சிறு பங்கு கொடுக்கப் பாடகர் முன்வந்தால் நல்லது. அதைச் சட்டப்படி கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. வரிக்கும் இசைக்கும் உரியவர் பிற்கால உரிமைத்தொகையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி 2012 திருத்தம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாடகர் இன்னும் உறுப்பினராகவில்லை என்றால் இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே சேர்ந்துவிடச் சொல்லுங்கள்.

பாடகர் எதற்கும் இணங்காமல் குழுவின் பெயரைத் தன் பெயரில் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தால், அது வணிகச் சின்ன இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் மற்றவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தவறினால் பதிவை நீக்கக் கோரித் தனியாகப் போராட வேண்டியிருக்கும். வணிகச் சின்ன விண்ணப்பங்களில் பொழுதுபோக்குச் சேவைகள் 41ஆம் வகுப்பில் வரும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் குழுவின் பெயரை இட்டு அவ்வப்போது தேடிப் பாருங்கள். உங்கள் கூட்டாண்மை பதிவுசெய்யப்படாதது என்பதால், குழு தொடரும்போதே ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போடுவதற்குக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடையாக நிற்கும். கலைக்கவும் கணக்குக் கேட்கவும் அந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு முன், நால்வருக்கும் பொதுவான ஒரு மூத்த இசைக்கலைஞர் நடுவில் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய அளவில்தான் இந்தச் சிக்கல் இன்றைக்கு இருக்கிறது. அது பலிக்காவிட்டால், சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் சமரச மையத்தின் வழியைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலையை இந்த வாரமே செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நிகழ்ச்சிப் பணம் நான்காகப் போன யுபிஐ பரிமாற்றங்கள், ஸ்டுடியோ ரசீதுகள், பழைய டெமோக்கள் ஆகியவற்றையும் தேதியோடு ஓரிடத்தில் சேருங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் தேவைப்படும்; அதற்கு மூலக் கோப்பும் அது இருந்த போனும் கையில் இருப்பது நல்லது, ஆகவே பழைய போனை இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள்.